அறிவிப்பு நம்மைத் தேடி வர வேண்டும்

நம் தமிழ் அமைப்புகள் மாணவர்களுக்கான அறிவிப்புகளை இப்போது எங்கே போடுகின்றன என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கட்டுரைப் போட்டி, கல்வி உதவிநிதி, இலவச எஸ்.பி.எம். வழிகாட்டிப் பட்டறை என எதுவானாலும் வண்ண வண்ணமாக ஒரு சுவரொட்டி தயாராகும். அது சமூக ஊடகங்களில் ஏறும், புலனக் குழுக்களில் இரண்டு நாள் சுற்றும். அத்துடன் வேலை முடிந்தது என்று ஏற்பாட்டாளர்கள் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலைகூட முடியவில்லை என்பேன்.

நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டணங்களில் சுற்றுப்பயணிகளின் கைப்பேசிகள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. தோட்டத்துக்குள் இறங்கினால் கதை வேறு. எங்கள் லயத்தில் நம்பகமாக லைன் கிடைக்கும் இடங்கள் மூன்று: கோயில் மேடு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள வளைவு, எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலின் வலது மூலை. மற்ற இடங்களில் மலைமுகடு குறுக்கே நிற்கும். இரவில் அந்த மூன்று இடங்களுக்கும் போட்டி இருக்கும்.

நான் படிவம் 6 படித்த ஆண்டில், என் தோழி ஒருத்தி ஓர் அமைப்பின் கல்வி உதவிநிதிக்காகக் காத்திருந்தாள். அந்த அமைப்பின் சமூக ஊடகப் பக்கத்தை அவள் ஓராண்டாகவே பின்தொடர்ந்து வந்தாள். ஆனாலும் அந்தச் சுவரொட்டி அவள் திரைக்கு வந்தபோது முடிவு நாள் கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இடையில் சமையல் காணொலிகளும் யாரோ ஒருவரின் திருமணப் படங்களும் தவறாமல் வந்தன. அமைப்பைக் கேட்டால், "நாங்கள்தான் போட்டோமே" என்றார்கள். போட்டது உண்மைதான். அது போய்ச் சேர்ந்ததா என்பதைப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை.

சமூக ஊடகங்களில் 'பின்தொடர்வது' என்பது சந்தா அல்ல. இதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. பின்தொடரும் பக்கத்தில் வருவதெல்லாம் நமக்குக் காட்டப்படும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. எதை, எப்போது, யாருக்குக் காட்டுவது என்பதை ஒரு கணக்கீட்டு முறை முடிவு செய்கிறது. திரையில் நம்மை நீண்ட நேரம் இருத்தி வைப்பது எதுவோ, அதற்கே அங்கே முன்னுரிமை. உதவிநிதி அறிவிப்பு யாரையும் திரையில் இருத்தி வைக்காது. அதைப் பார்த்ததும் எழுந்து போய்ப் படிவத்தை நிரப்பத் தோன்றும்.

சந்தா என்றால் என்ன என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்கலாம். கோலாலம்பூரில் அச்சாகும் தாள் தாப்பாவிலிருந்து மலையேறி வரும். யார் யார் வீட்டில் சந்தா என்று முகவருக்குத் தெரியும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' போன்றவை மலாயாத் தோட்டங்களுக்குள் இப்படித்தான் போயின. ஒருவர் வாங்குவார், ஒருவர் உரக்கப் படிப்பார், ஒரு லயமே கேட்கும். 1950களில் தமிழ் முரசின் 'மாணவர் மணிமன்றம்' பகுதிக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் போட்டார்கள். அந்தப் பகுதியிலிருந்து மணிமன்றங்கள் என்ற இளைஞர் அமைப்புகளே கிளைத்தன. தாப்பா சாலையில் மண் சரிந்தால் தாள் தாமதமாகும், ஆனால் வந்துவிடும். "இந்த வீட்டுக்காரருக்கு நாலாம் பக்கம் பிடிக்காது" என்று கணக்குப் போட்டு முகவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ள மாட்டார்.

இணையத்திலும் இதே ஏற்பாடு உண்டு, அதுவும் இரண்டு வழியில். ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த மின்னஞ்சல் சந்தா. இன்னொன்று செய்தியோடை. ஆங்கிலத்தில் ஃபீட் என்பார்கள். அதன் பரவலான வடிவத்துக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். (அதே பெயரில் இந்தியாவில் உள்ள அமைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவிடம் இதை விளக்கியபோது அவருக்கு முதலில் எழுந்த சந்தேகம் அதுதான்.)

செய்தியோடை எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் மலையில் கொழுந்து பறிக்கும் முறையை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே ஆண்டு முழுவதும் தேயிலை துளிர்க்கும். ஒரு சரிவில் பறித்துவிட்டுப் போனால், ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அதே சரிவுக்கு ஆட்கள் திரும்பி வருவார்கள். இன்று பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கைக்குப் பதில் இரண்டு பேர் பிடித்து நகர்த்தும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆனால் சுற்று மாறவில்லை. வரிசையாக ஒவ்வொரு சரிவுக்கும் போவது, புதிதாக வந்த கொழுந்தை மட்டும் எடுப்பது, முற்றிய இலையை விட்டுவிடுவது. ஓடை வாசிப்பான் என்ற செயலியும் இதைத்தான் செய்கிறது. நீங்கள் கொடுத்த தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு குறித்த இடைவெளியில் ஒவ்வொரு தளத்தின் கதவையும் தட்டி, "போன முறைக்குப் பிறகு புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்கும். இருந்தால் தலைப்பு, தேதி, இணைப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றை எடுத்து வரும். இல்லாவிட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடும். வந்தவற்றைத் தேதி வரிசையில் அடுக்கித் தரும்.

மின்னஞ்சலுக்கும் ஓடைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மின்னஞ்சல் சந்தாவுக்கு உங்கள் முகவரியைக் கொடுத்தாக வேண்டும். ஓடைக்குப் பெயரோ தொலைபேசி எண்ணோ தர வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் பட்டியலிலிருந்து அழித்துவிடலாம், யாரிடமும் விடைபெறத் தேவையில்லை.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்கியது. இன்று பெரும்பாலான தளங்கள் பயன்படுத்தும் 2.0 வடிவத்தை டேவ் வைனர் 2002இல் வெளியிட்டார். இதற்கிடையே 2000இல் வந்த 1.0 வடிவத்தை உருவாக்கிய குழுவில் ஏரன் சுவார்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவர் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14, நம் கணக்கில் படிவம் 2. பல நாட்டுப் பெரியவர்களுடன் மின்னஞ்சலில்தான் அவர் வாதாடினார். நேரில் பார்க்காததால், எதிரில் இருப்பது பள்ளி மாணவர் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தமிழுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. அதில் மலேசியர்களுக்குப் பெரிய பங்கும் உண்டு. 1990களின் நடுவில், மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பாலா பிள்ளை 'தமிழ்.நெட்' என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். தமிழ் எழுத்திலேயே மடல் எழுதிக்கொண்ட முன்னோடிக் குழுக்களில் அது ஒன்று. அதற்குக் கைகொடுத்தது நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல். மென்பொருளின் பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது, பாருங்கள். எஸ்.டி.பி.எம். தமிழ் இலக்கியத்துக்குப் படிக்கும்போது இலவசமாக மின்னூல் இறக்கிக்கொள்கிறோமே, அந்த மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் அனுப்பினார்கள். அவர்களை இணைத்ததும் மின்னஞ்சல்தான்.

அடுத்து வந்தது ஓடைகளின் காலம். 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். தமிழில் எழுதும் தனியாட்களின் தளங்களிலிருந்து ஓடைகளைத் திரட்டி, யார் என்ன புதிதாக எழுதியிருக்கிறார் என்பதை ஒரே பக்கத்தில் காட்டியது அது. ஈப்போவில் இருப்பவர் எழுதியதும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் எழுதியதும் டொராண்டோவில் இருப்பவர் எழுதியதும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அங்கே நடந்த சண்டைகளைப் பற்றி அந்தக் காலத்து வாசகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சண்டை போடும் அளவுக்காவது ஒருவரையொருவர் படித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு இரண்டு அடி விழுந்தது. பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அடுத்து 2021இல் ஃபீட்பர்னர் என்ற சேவையின் மின்னஞ்சல் சந்தா வசதி நின்றது. இதுவும் கூகுளுடையதுதான், 2007இல் வாங்கியது. பிளாகரில் இயங்கிய தமிழ்த் தளங்களின் ஓரத்தில் "மின்னஞ்சலில் பெற" என்றொரு பெட்டி இருக்குமே, அதன் பின்னால் இருந்தது இந்தச் சேவைதான். சந்தாதாரர் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டவர்கள் வேறு சேவைக்கு மாறினார்கள். மற்றவர்களின் மடல் ஒரு நாள் வராமல் போனது. வாசகர்களில் பலர் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் ஓடை செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரீடர் என்பது ஒரு செயலி. ஓடை என்பது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வடிவம். நீங்கள் கேட்கும் வலையொலிகள் பெரும்பாலும் ஆர்.எஸ்.எஸ். ஓடை வழியாகத்தான் உங்கள் செயலிக்கு வந்து சேர்கின்றன. வேர்ட்பிரஸ்சில் ஒரு தளம் அமைத்தால் அதன் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும், ஓடை தயாராக இருக்கும். பிளாகரிலும் தானாகவே உருவாகிவிடும். அமைப்பவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பலருக்குத் தங்கள் தளத்தில் அது இருப்பதே தெரியாது.

மாணவர்கள் தொடங்குவதற்கு அரை மணி நேரம் போதும். ஃபீட்லி, இனோரீடர் இரண்டையும் இலவசமாகவே பயன்படுத்தலாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் இருக்கிறது, விளம்பரம் இல்லை. மடிக்கணினியில் தண்டர்பேர்ட் போட்டுக்கொண்டால் மின்னஞ்சலும் ஓடையும் ஒரே இடத்தில் வரும். தளத்தின் முகவரியை வாசிப்பானில் ஒட்டினால், ஓடை எங்கே என்று பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஐந்து தளத்தோடு தொடங்குங்கள். முதல் நாளே ஐம்பது தளங்களைச் சேர்த்தால், படிக்காதவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டு உங்களைப் பயமுறுத்தும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: படிப்பதற்காக உள்ளடக்கத்தை இறக்கி வைத்துக்கொள்ளும் செயலியாகத் தேர்ந்தெடுங்கள். லைன் கிடைக்கும் இடத்தில் இரண்டு நிமிடம் நின்று புதியவற்றை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து நிதானமாகப் படிக்கலாம். நான் வீடு திரும்பும் விடுமுறைகளில் இப்படித்தான் படிக்கிறேன்.

மின்னஞ்சல் சந்தாவில் ஒரு விஷயத்தைப் பள்ளி மாணவர்கள் கவனிக்க வேண்டும். கல்வி அமைச்சின் டெலிமா தளத்துக்காக உங்களுக்குத் தரப்பட்ட முகவரி பள்ளியின் முகவரி. பள்ளியைவிட்டு வெளியேறிய பிறகும் அது உங்களிடம் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழக முகவரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உங்கள் சொந்தப் பெயரில் ஒழுங்கான ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பெயர்கள் வேண்டாம், நேர்முகத் தேர்வில் அதைச் சொல்ல நேரும். சந்தாவில் சேர்ந்ததும் உறுதிசெய்யச் சொல்லி ஒரு மடல் வரும், அது சில நேரம் வேண்டாத மடல்களின் பெட்டிக்குள் போய் விழுந்திருக்கும். தேடி எடுத்துச் சொடுக்காவிட்டால் சந்தா தொடங்காது. சந்தா மடல்களுக்குத் தனி அடையாளம் இட்டு ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால் விரிவுரையாளரின் மடலோடு கலக்காது.

இப்போது அமைப்புகளிடம் வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

சுவரொட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. சுவரொட்டியில் இருப்பதை எழுத்தாகவும் போடுங்கள் என்கிறேன். யூனிகோடு முறையில், இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் குறியாக்கத்தில், ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். தமிழுக்கு நட்டம்தான். அப்படியிருந்தும் நூறு சொல் அறிவிப்பு ஒன்று மூன்று கிலோபைட் அளவில் அடங்கிவிடும். அதே செய்தியைப் படமாக்கினால், சுருக்கிய பிறகும் பெரும்பாலும் நூறு கிலோபைட்டைத் தாண்டும். கோயில் மேட்டில் நின்று வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. மேலும், படத்துக்குள் இருக்கும் 'உதவிநிதி' என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் கைப்பேசி எழுத்தை வாசித்துக் காட்டும், படத்திலுள்ள தமிழை வாசிப்பதை நம்ப முடியாது. அப்படியொரு மாணவர் நம் உறுப்பினராக இருக்கலாம் என்று யாராவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

"புலனக் குழு இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பார்கள். பெற்றோருக்கு அது போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். என் அம்மா மின்னஞ்சல் பார்ப்பதில்லை, குரல் பதிவு கேட்பார். அதனால் புலனத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர்களுக்கு அது மட்டுமே போதாது. காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் நூறு வந்தால் அறிவிப்பு அடியில் புதைந்துவிடும். குழுவில் சேர யாராவது நம்மைச் சேர்க்க வேண்டும். யாரையும் தெரியாத தோட்டத்துப் பிள்ளையை யார் சேர்ப்பார்? குழுவில் சேர்ந்தாலோ நம் எண் முன்பின் தெரியாதவர்களுக்குப் போகிறது. பெண்பிள்ளைகளுக்கு அதனால் வரும் தொல்லை தனிக் கதை. சந்தாப் பெட்டியில் முகவரியைத் தட்ட யாருடைய தயவும் வேண்டாம்.

செலவு பெரிதல்ல. இலவசத் தளம் ஒன்று அமைத்து அறிவிப்புகளைத் தேதியோடு எழுதினால் ஓடை தானாக வந்துவிடும். மின்னஞ்சலுக்கு, செயலாளர் மட்டுமே அனுப்பும்படி அமைத்த ஒரு கூகுள் குழு போதும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 பேருக்குமேல் அனுப்ப முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படி நேரடியாக அனுப்புவதாக இருந்தால் எல்லாருடைய முகவரியையும் மறைநகல் கட்டத்தில்தான் போட வேண்டும். முன்னூறு மாணவர்களின் முகவரி முன்னூறு பேருக்கும் தெரியும்படி வந்த மடல்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. ஒரு மாணவர் சங்கத்தை அது கட்டுப்படுத்துமா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். நம்பிக் கொடுத்த முகவரியைக் காப்பது சட்டத்துக்காக மட்டும் செய்யும் வேலையா? விலக விரும்புகிறவர் ஒரே சொடுக்கில் விலகவும் வழி இருக்க வேண்டும். பட்டியலின் நகல் ஒன்று சங்கத்திடமே இருக்க வேண்டும். ஃபீட்பர்னர் நின்றபோது தவித்தவர்களின் கதை நமக்கு ஒரு முறை போதும்.

இன்னொன்றும் கேட்பேன். நிர்வாகக் குழு ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது கடவுச்சொல்லும் கைமாற வேண்டும். நம் சங்கங்களின் பல பக்கங்கள் 2018இலோ 2019இலோ நின்றுபோய்க் கிடப்பதற்கு ஆர்வக் குறைவு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. பட்டம் பெற்றுப் போனவரின் கைப்பேசியில் கடவுச்சொல்லும் சேர்ந்து போயிருக்கும். தனிப்பட்டவரின் முகவரியில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, அதன் கீழ் தளத்தையும் குழுவையும் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது.

அடுத்த தவணையில் எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் கூடும்போது இதை முன்வைக்கப் போகிறேன். கல்வி உதவி தொடர்பான ஒவ்வோர் அறிவிப்பும் எழுத்து வடிவில், முடிவு நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே சந்தாதாரர்களுக்குப் போக வேண்டும் என்பது என் தீர்மானம். "யார் செய்வது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். முதல் ஆண்டுக்கு நானே செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓர் அறிவிப்பைத் தட்டி அனுப்ப எனக்கு இருபது நிமிடம் ஆகிறது, சுவரொட்டிக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு.